வீட்டுக் கணினிக்கு எஸ்எஸ்டி: கொடுக்கும் காசுக்கு எது தகும்?

திருநெல்வேலி, பாளையங்கோட்டைப் பக்கத்து வீடுகளில் நான் திறந்து பார்த்த மேசைக் கணினிகள் பெரும்பாலும் இரண்டு காலத்தவை. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், வீட்டுப் பிள்ளை பொறியியல் கல்லூரியில் சேர்ந்தபோது கடையில் சொல்லி அசெம்பிள் செய்தவை ஒரு வகை. 2020இல் வகுப்புகள் வீட்டுக்குள் வந்தபோது அவசரமாக வாங்கியவை இன்னொரு வகை. இரண்டிலும் ஹார்ட் டிஸ்க் சுழன்றுகொண்டிருக்கிறது. மந்தமாக ஓடும் இரண்டுக்கும் ‘ஒரு எஸ்எஸ்டி போட்டால் சரியாகிவிடும்’ என்ற ஒரே யோசனைதான் கிடைக்கிறது. எஸ்எஸ்டி என்பது சுழலும் பாகம் இல்லாமல் சிப்புகளில் தகவலைச் சேமிக்கும் டிரைவ். யோசனை சரியானதே. ஆனால் இரண்டுக்கும் ஒரே எஸ்எஸ்டி பொருந்தாது. எந்தப் பிராண்டு, எவ்வளவு வேகம் என்று பெட்டியின் மேல் அச்சிட்டிருப்பதைப் படிப்பதற்கு முன்பு, அதைத் தாங்கப்போகும் மதர்போர்டு எதை ஏற்கும் என்று தெரிந்துகொள்வதே பணத்தை மிச்சப்படுத்தும் முதல் வேலை.

முதல் வகைக் கணினிகளில் எச்61, எச்81 சிப்செட் (மதர்போர்டின் இணைப்புகளை நிர்வகிக்கும் சிப்) கொண்ட மதர்போர்டுகளை அடிக்கடி காணலாம். இவற்றில் பட்டை வடிவ எஸ்எஸ்டியைச் செருகும் எம்.2 ஸ்லாட் பெரும்பாலும் இருக்காது. இரண்டரை அங்குல சாட்டா எஸ்எஸ்டிதான் வழி. சாட்டா என்பது ஹார்ட் டிஸ்க்குகளும் பயன்படுத்தும் இணைப்பு முறை. அதிலும் ஒரு நுட்பம் உண்டு. எச்61 சிப்செட் தரும் சாட்டா இணைப்புகள் நொடிக்கு 3 கிகாபிட் வேகத்தவை என்பதால், நொடிக்கு 550 எம்பி படிக்கக்கூடிய எஸ்எஸ்டியை மாட்டினாலும் 270, 280 எம்பிக்கு மேல் வராது. எச்81இல் இரண்டு இணைப்புகள் 6 கிகாபிட், இரண்டு இணைப்புகள் 3 கிகாபிட். எது எது என்பது இணைப்புக்குப் பக்கத்திலேயே பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். டார்ச் அடித்துப் பார்த்துத்தான் செருக வேண்டும். பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்த ஒயரைக் கழற்றி அப்படியே எஸ்எஸ்டியில் மாட்டிவிட்டால், வாங்கிய வேகத்தில் பாதி அந்த இணைப்பிலேயே நின்றுபோக வாய்ப்புண்டு.

2015க்குப் பிறகு வந்த தலைமுறைகளில் எம்.2 ஸ்லாட் படிப்படியாகப் பரவியது. 22 மில்லிமீட்டர் அகலமும் 80 மில்லிமீட்டர் நீளமும் உள்ள பட்டை ஒன்று அதில் படுத்தவாக்கில் பொருந்தும். ஆனால் ஒரே உருவத்தில் இரண்டு வேறு பொருள்கள் கடையில் இருக்கின்றன: எம்.2 சாட்டா ஒன்று, சாட்டாவைவிட வேகமாகத் தகவல் பரிமாறும் எம்.2 என்விஎம்இ இன்னொன்று. பொன்னிறக் கால்கள் இருக்கும் விளிம்பில் இரண்டு வெட்டுகள் இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒரே வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ. ‘பெரும்பாலும்’ என்பதை நம்பிப் பணம் கொடுக்க முடியாது என்பதால், மதர்போர்டின் மாடல் எண்ணைப் படம் எடுத்துக்கொண்டு போய், “அண்ணாச்சி, இது சாட்டாவா, என்விஎம்இயா? இந்த போர்டுக்கு எது சேரும்?” என்று நேராகக் கேட்டுவிடுவது நல்லது. பட்டையை இறுக்கும் அந்தச் சின்னஞ்சிறு திருகாணி மதர்போர்டோடு வந்ததுதான். பல வீடுகளில் அது எப்போதோ தொலைந்திருக்கும். அதையும் அங்கேயே கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

இரண்டும் பொருந்தும் கணினியென்றால் சாட்டாவா, என்விஎம்இயா என்ற கேள்வி எழுகிறது. சாம்சங் 870 இவோ என்ற சாட்டா எஸ்எஸ்டி தொடர்ச்சியாகப் படிக்கும் வேகம் நொடிக்கு 560 எம்பி. அதே நிறுவனத்தின் 980 என்ற என்விஎம்இ எஸ்எஸ்டிக்கு அதிகபட்சம் 3,500 எம்பி. ஆறு மடங்குக்கும் மேல். ஆனால் விண்டோஸ் திறப்பதும், பிரௌசர் எழுவதும், டேலி கணக்கு விரிவதும் ஒரு பெரிய கோப்பை நீளமாகப் படிக்கும் வேலைகள் அல்ல. ஆயிரக்கணக்கான சிறு துண்டுகளை அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொறுக்கும் வேலைகள். அந்தச் சில்லறைப் படிப்பை ஒவ்வொன்றாகச் செய்யும்போது 870 இவோ நொடிக்கு 13,600 முறை, 980 நொடிக்கு 17,000 முறை என்று அந்த நிறுவனமே தன் விவரத்தாளில் தருகிறது. ஆறு மடங்கு என்று தோன்றியது இங்கே கால்பங்கு கூடுதலாகச் சுருங்கிவிடுகிறது. ஹார்ட் டிஸ்க்கோ, தட்டு சுழன்று முள் வந்து நிற்க ஒவ்வொரு முறையும் பத்துப் பன்னிரண்டு மில்லிநொடி எடுத்துக்கொள்வதால், நொடிக்கு ஏறத்தாழ நூறு முறைகூட எட்டுவதில்லை. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து எந்த எஸ்எஸ்டிக்கு மாறினாலும் வீட்டில் எல்லாரும் அந்த மாற்றத்தை உணர்வார்கள். சாட்டாவிலிருந்து என்விஎம்இக்கு மாறினால், பெரிய கோப்புகளை அடிக்கடி கையாள்பவர் தவிர மற்றவர்கள் உணர்வது அரிது. ஆகையால் என்விஎம்இயைப் பொறுத்தவரை என் நிலைப்பாடு எளிமையானது: ஸ்லாட் இருந்து, ஒரு ஜிபிக்கு ஆகும் விலை சாட்டாவுக்கு இணையாகவோ சற்றே கூடுதலாகவோ இருந்தால் அதையே வாங்கலாம், அதற்காக மதர்போர்டை மாற்றத் தேவையில்லை.

சாட்டாவுக்குள் உள்ள போட்டி இரண்டு தட்டில் நிற்கிறது. கீழ்த்தட்டில் கிங்ஸ்டன் ஏ400, குரூஷியல் பிஎக்ஸ்500. மேல்தட்டில் சாம்சங் 870 இவோ, குரூஷியல் எம்எக்ஸ்500. விலை வேறுபாட்டுக்கு ஒரு முக்கியக் காரணம் உள்ளே இருக்கும் டிராம் என்ற வேகமான தற்காலிக நினைவகச் சிப். எந்தத் தகவல் எந்தச் செல்லில் (தகவலைச் சேமிக்கும் நுண்ணறை) இருக்கிறது என்ற வரைபடத்தை வைத்துக்கொள்ள மேல்தட்டு எஸ்எஸ்டிகளுக்குத் தனி டிராம் உண்டு, கீழ்த்தட்டுக்கு இல்லை. என்விஎம்இ எஸ்எஸ்டியில் டிராம் இல்லாவிட்டாலும் கணினியின் ராமில் சில பத்து எம்பியைக் கடன் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இருக்கிறது. சாட்டாவில் அந்த ஏற்பாடும் இல்லை. எனவே டிராம் இல்லாத குறை என்விஎம்இயைவிடச் சாட்டாவில்தான் அதிகம் தெரியும், குறிப்பாக டிரைவ் நிரம்பிக்கொண்டு வரும்போது. உத்தரவாதத்திலும் இடைவெளி உண்டு: ஏ400க்கும் பிஎக்ஸ்500க்கும் மூன்றாண்டு, மற்ற இரண்டுக்கும் ஐந்தாண்டு. எழுதும் வரம்பு, அதாவது உத்தரவாதத்துக்குள் மொத்தமாக எழுதக்கூடிய அளவு, 480 ஜிபி ஏ400க்கு 160 டிபி (1 டிபி என்பது 1,000 ஜிபி), 500 ஜிபி 870 இவோவுக்கு 300 டிபி.

பத்து வருடப் பழைய கணினிக்கு மேல்தட்டு வேண்டுமா என்று கேட்கலாம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. எச்61, எச்81 காலத்துக் கணினிகள் விண்டோஸ் 11க்கு முறைப்படி தகுதி பெறாதவை. லினக்ஸ் போட்டு ஓட்டுகிறவர்கள் உண்டு, நானும் அதையே பரிந்துரைப்பேன். ஆனாலும் அந்தக் கணினிக்கு இன்னும் எத்தனை ஆண்டு என்பது ஐயம்தான். அதனாலேயே நான் மேல்தட்டுப் பக்கம் சாய்கிறேன். கணினி போனாலும் இரண்டரை அங்குல எஸ்எஸ்டி போகாது. அடுத்த கணினியிலும் மாட்டலாம், மலிவான யூஎஸ்பி உறையில் போட்டு வெளி டிரைவாகவும் வைத்துக்கொள்ளலாம். கையில் பணம் இறுக்கம், கணினி இன்னும் இரண்டு வருடம் ஓடினால் போதும் என்பவருக்கு மட்டும் ஏ400 குறையில்லாத தேர்வு.

என்விஎம்இ பக்கம் போட்டி இன்னும் நெருக்கமானது. இங்கே செல்லின் வகையைப் பார்க்க வேண்டும். ஒரு செல்லில் மூன்று பிட் வைப்பது டிஎல்சி, நான்கு பிட் வைப்பது க்யூஎல்சி. நான்கைத் திணிப்பதால் ஜிபி மலிவாகிறது, எழுதும் வேகம் குறைகிறது. அந்தக் குறையை மறைக்க, காலியாக இருக்கும் செல்களில் ஒரு பிட் மட்டும் வேகமாக எழுதிவைத்து, ஓய்வு நேரத்தில் நெருக்கி அடுக்கும் வித்தையை எல்லா நிறுவனங்களும் கையாள்கின்றன. அந்த இடம் தீரும் வரை க்யூஎல்சியும் பறக்கும். தீர்ந்ததும் உண்மை நிறம் தெரியும்.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். சாம்சங் 870 க்யூவோ ஒரு சாட்டா க்யூஎல்சி எஸ்எஸ்டி. அதன் 1 டிபி மாடலில் அந்த வேக இடம் அதிகபட்சம் 42 ஜிபி, அது தீர்ந்ததும் எழுதும் வேகம் நொடிக்கு 80 எம்பி என்று நிறுவனமே அறிவித்திருக்கிறது. கல்யாண வீடியோகாரர் தந்த 150 ஜிபி ஒளிப்பதிவை இன்னொரு எஸ்எஸ்டியிலிருந்து அதில் நகலெடுத்தால், முதல் 42 ஜிபி ஒன்றரை நிமிடத்தில் ஏறிவிடும். மீதி 108 ஜிபிக்கு இருபத்திரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். டிஎல்சி வகையான 870 இவோவில் மொத்த வேலையும் ஐந்து நிமிடத்தைச் சுற்றியே முடியும். அதே ஒளிப்பதிவு ஹார்ட் டிஸ்க்கில் வந்திருந்தால், தருகிற டிஸ்க்கே மெதுவானது என்பதால் வேறுபாடு பெருமளவு மங்கிவிடும் என்பதையும் சொல்லியாக வேண்டும். வீட்டில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பதைக் கேட்காமல் க்யூஎல்சியைக் கழித்துக்கட்டுவது நியாயமில்லை.

இந்தப் பின்னணியில் மூன்று என்விஎம்இ மாடல்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைக்கலாம். குரூஷியல் பி3 க்யூஎல்சி. 1 டிபிக்கு எழுதும் வரம்பு 220 டிபி, ஐந்தாண்டு உத்தரவாதம். டபிள்யூடி ப்ளூ எஸ்என்580 டிஎல்சி; 1 டிபிக்கு 600 டிபி, ஐந்தாண்டு. கிங்ஸ்டன் என்வி2 இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது: 1 டிபிக்கு 320 டிபி, மூன்றாண்டு, உள்ளே டிஎல்சியா க்யூஎல்சியா என்று விவரத்தாள் சொல்வதில்லை, ஒரே பெயரில் வெவ்வேறு சிப்புகள் வருவதும் உண்டு. எழுதும் வரம்பைக் கண்டு அஞ்ச வேண்டாம். ஒரு நாளைக்கு 20 ஜிபி எழுதும் வீடென்றாலும் ஆண்டுக்கு 7.3 டிபிதான், 220 டிபி தீர முப்பது ஆண்டு ஆகும். அந்த எண்ணை நான் பார்ப்பது செல் தேய்ந்துவிடும் என்ற பயத்தால் அல்ல. தன் பொருளின் மீது தயாரிப்பாளருக்கு எவ்வளவு நம்பிக்கை என்பதை அது காட்டுவதால். எஸ்என்580க்கும் பி3க்கும் விலை வேறுபாடு பத்து விழுக்காட்டுக்குள் இருந்தால் எஸ்என்580ஐ எடுக்கத் தயங்கமாட்டேன். வேறுபாடு அதைவிட விரிந்து, வீட்டில் பாடமும் படமும் பிரௌசரும்தான் என்றால் பி3 போதும். உள்ளே இருப்பது இன்னதென்று சொல்லாத பொருளுக்கு, அது மூன்றிலும் மலிவாக இருந்தாலொழிய, பணம் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை.

நொடிக்கு 7,000 எம்பி, 14,000 எம்பி என்று விற்கும் உயர்ரக மாடல்களை வீட்டுக் கணினிக்கு யோசிக்கவே வேண்டாம். சித்திரை, வைகாசியில் வெளியே 38, 40 டிகிரி அடிக்கும் நம் ஊரில், ஏசி இல்லாத அறையில் மூடிய கேபினட்டுக்குள் அவை சூடேறி, தம்மைக் காத்துக்கொள்ளத் தாமே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

கொள்ளளவைப் பொறுத்தவரை 500 ஜிபிக்குக் கீழே இறங்குவது வீண். 128 ஜிபியில் விண்டோஸும் அதன் அப்டேட்டுகளுமே இடத்தைக் கவ்விக்கொள்ளும், நிரம்பிய எஸ்எஸ்டி மந்தமாகும். 250 ஜிபிக்கும் 500 ஜிபிக்கும் விலை இரட்டிப்பாவதும் வழக்கமாக இல்லை. 500 ஜிபி என்று வாங்கியது விண்டோஸில் 465 ஜிபி என்று காட்டுவது கணக்கிடும் முறையால் வருவது. கடைக்காரரைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

மிச்சமாகும் ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடக் கூடாது. சேமித்ததை மின்சாரம் இல்லாமல் நெடுங்காலம் பிடித்துவைப்பதில் எஸ்எஸ்டி ஹார்ட் டிஸ்க்குக்கு ஈடாகாது. எழுதும் வரம்பு முழுதும் தீர்ந்த வீட்டு எஸ்எஸ்டி, மின்சாரமின்றி 30 டிகிரியில் ஓராண்டு தகவலைத் தாங்க வேண்டும் என்பதே சிப்புகளுக்குத் தரம் வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரவரையறை. வெப்பம் கூடினால் அந்தக் காலம் குறையும். புதிய எஸ்எஸ்டி இதைவிட நெடுங்காலம் தாங்கும் என்றாலும், கோடையில் அனல் வீசும் பீரோவுக்குள் குடும்பப் புகைப்படங்களை எஸ்எஸ்டியில் மட்டும் பூட்டிவைப்பதை நான் ஏற்கமாட்டேன். நல்ல நிலையில் உள்ள பழைய டிஸ்க்கில் ஒரு நகல், அதையும் வேறொரு வீட்டில், முடிந்தால் மாடியில். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணிக் கரையோரத் தரைத்தளங்களுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தவர்களுக்கு இதன் தேவையை விளக்க வேண்டியதில்லை. ஆனி, ஆடிக் காற்றில் மின்சாரம் வெட்டி வெட்டி வரும் மாதங்களில் யூபிஎஸ் இல்லாமல் எந்த எஸ்எஸ்டியிலும் எழுதிக்கொண்டிருப்பதும் ஆபத்துதான்.

விலையை இங்கே எழுதாததற்குக் காரணம் உண்டு. ஃபிளாஷ் சிப்புகளின் விலை 2025இன் இறுதியில் ஏறத் தொடங்கியது. இன்றைய எண் அடுத்த மாதம் பொருந்தாது. குரூஷியல் பெயரில் நுகர்வோருக்கு விற்பதை நிறுத்தப்போவதாக மைக்ரான் நிறுவனமும் 2025 டிசம்பரில் அறிவித்தது. விற்றவற்றுக்கு உத்தரவாதம் தொடரும் என்று சொல்லியிருப்பதால், கடையில் இருப்புள்ள எம்எக்ஸ்500ஐயோ பி3ஐயோ நியாய விலைக்குக் கிடைத்தால் ஒதுக்க வேண்டியதில்லை. பெயரே கேள்விப்படாத பிராண்டில் 2 டிபி அடிமாட்டு விலைக்கு வந்தால் மட்டும் விலகிவிட வேண்டும். உள்ளே சிறிய சிப்பை வைத்துப் பெரிய அளவாகக் காட்டும் போலிகள் உலவுகின்றன.

கடையில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், எஸ்எஸ்டியின் வரிசை எண் பில்லில் இருக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் ஓடிய மணிநேரத்தையும் இதுவரை எழுதிய அளவையும் பாருங்கள். புதியதென்று வாங்கியதில் நூற்றுக்கணக்கான மணிநேரம் ஓடியதாகக் காட்டினால், விண்டோஸ் ஏற்றுவதற்கு முன்பே பில்லோடு கடைக்குத் திரும்பிப் போய் மாற்றிக்கொள்ளுங்கள்.