ஸ்டீரியோ டூல்: 50 வாட் எஃப்எம் நிலையத்தில் நாள் முழுக்க ஓட்டிப் பார்த்ததில்

சமுதாய வானொலியின் 50 வாட் ட்ரான்ஸ்மிட்டருக்கு முன்னால், ஒலியைப் பதப்படுத்தும் மென்பொருளான ஸ்டீரியோ டூலை மாதக்கணக்கில் ஓட்டினால் ஒன்று புரியும்: ஒலி பெரும்பாலும் கெடுவது மென்பொருளைத் தாண்டிய பிறகுதான். ப்ரீசெட்டை (மென்பொருளின் ஆயத்த ஒலி அமைப்பை) தொடுமுன், அங்கிருந்து ட்ரான்ஸ்மிட்டர் வரையான வழியைச் சரிசெய்யுங்கள்.

எம்பிஎக்ஸ் சிக்னலை, அதாவது ஸ்டீரியோ ஒலி, பைலட், ஆர்டிஎஸ் எல்லாம் ஒன்றாகக் கலந்த சிக்னலை, மென்பொருளிலிருந்து நேராக எடுப்பதானால் சவுண்டு கார்டு 192 கிலோஹெர்ட்ஸில் ஓட வேண்டும். விண்டோஸ் ஒலி அமைப்பில் 48 என்று கிடந்தால் அதில் பாதியான 24 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் வெளியே வராது. 19இல் உள்ள பைலட் (ஸ்டீரியோ வருகிறது என்று ரேடியோவுக்குச் சொல்லும் தொனி) மட்டும் தப்பிவிடும். 38ஐச் சுற்றிய ஸ்டீரியோப் பகுதியும் 57இல் உள்ள ஆர்டிஎஸ்ஸும் (நிலையத்தின் பெயரை ரேடியோத் திரையில் காட்டும் தரவு) நின்றுபோகும். ரேடியோவில் ஸ்டீரியோ விளக்கு எரியும், பாட்டு மோனோவாகவே கேட்கும். ஆளைக் குழப்பும் பிழை இது.

அடுத்தது ப்ரீ-எம்ஃபசிஸ், அதாவது அனுப்புமுன் உயர் அதிர்வெண்களைத் தூக்கிவிடுவது. இந்தியாவுக்கு 50 மைக்ரோ செகண்ட். அமெரிக்காவுக்கான 75 தெரியாமல் தேர்வாகியிருந்தால் 15 கிலோஹெர்ட்ஸில் 3 டெசிபலுக்கு மேல் கூடி, ‘ஸ’ வரும் இடமெல்லாம் சீறும். இதைவிட மோசம், மென்பொருளில் ஒருமுறை, எக்ஸைட்டரில் (ட்ரான்ஸ்மிட்டரில் எஃப்எம் அலையை உருவாக்கும் பகுதி) மறுமுறை என்று இரண்டு தடவை ஏற்றுவது. 15 கிலோஹெர்ட்ஸில் ஏறத்தாழ 13.7 டெசிபல் மறுபடி ஏறும். மென்பொருளின் கிளிப்பர் (உச்சத்தை வெட்டும் பகுதி) கட்டிவைத்த உச்சம் உடைந்துவிடும். எம்பிஎக்ஸுக்குப் பதில் எக்ஸைட்டரின் இடது, வலது உள்ளீடுகளில் ஒலியைக் கொடுப்பவர்கள் எக்ஸைட்டரில் அதை அணைத்தே ஆக வேண்டும்.

அளவைப் பைலட்டை வைத்துப் பிடிப்பதுதான் நம்பகமானது. மொத்த விலகல் (எஃப்எம் அலை தன் அதிர்வெண்ணிலிருந்து நகரும் அளவு) 75 கிலோஹெர்ட்ஸ். அதில் பைலட் 9 சதவீதம், அதாவது 6.75 கிலோஹெர்ட்ஸ். ஆர்டிஎஸ்ஸுக்கு 3 கிலோஹெர்ட்ஸ் போதும். பாட்டையும் ஆர்டிஎஸ்ஸையும் நிறுத்தி, பைலட் மட்டும் போகும்போது விலகலைக் காட்டும் மீட்டரில் 6.75 வரும்வரை வெளியீட்டைத் திருப்புங்கள். பிறகு அந்தக் குமிழைத் தொடக் கூடாது. பேஸ் கனத்த பாட்டுக்கு மட்டும் மீட்டர் 75ஐத் தாண்டினால் சவுண்டு கார்டின் வெளியீட்டுக் கப்பாசிட்டரைச் சந்தேகியுங்கள்: தாழ்ந்த அதிர்வெண்ணில் அலையின் தட்டையான தலை சரிந்து உச்சம் எகிறுகிறது. சதுர அலையை ஸ்கோப்பில் (அலைவடிவம் காட்டும் கருவி) பார்த்தபடி, மென்பொருளில் இந்தச் சரிவை ஈடுசெய்யும் டில்ட் திருத்தத்தை நகர்த்தினால் அடங்கும்.

பேச்சு நிகழ்ச்சிகளுக்கு ஏஜிசியின் (ஒலி அளவைத் தானாகச் சமன்செய்யும் பகுதி) கேட் அளவை, அதாவது ஒலி எதற்குக் கீழே போனால் அது உயர்த்துவதை நிறுத்தும் என்ற வரம்பை, உயர்த்துங்கள். இல்லாவிட்டால் பேசுபவர் மூச்சு விடும் இடைவெளியில் மின்விசிறி இரைச்சல் பொங்கி வரும். அதே ஏஜிசியை வேகமாக வைத்தால் ஒவ்வொரு தவில் அடிக்கும் நாதஸ்வரம் அமுங்கி அமுங்கி எழும். இசைக்கு மெதுவான ரிலீஸ்தான் (அமுங்கிய ஒலி மீண்டும் எழும் வேகம்) அழகு.

டிரைவர் அப்டேட்டுக்குப் பின் 192 சத்தமில்லாமல் 48க்குத் திரும்பிவிடுவதுண்டு. கணினி மறுபடி எழும் ஒவ்வொரு முறையும் அதை முதலில் பார்த்துவிடுங்கள்.