ஸ்லாட் இயந்திரக் காப்புரிமை: இரண்டு தராசுகள்

ஸ்லாட் என்னும் சூதாட்ட இயந்திரத்துக்குப் புதிய போனஸ் சுற்று ஒன்று. துறை அறிந்தவருக்கு அது எளிதில் தோன்றியிருக்குமா? ஆம் என்றால் காப்புரிமை இல்லை. அமெரிக்கப் பரிசோதகர் பழைய ஆவணங்கள் இரண்டு மூன்றை அருகருகே வைத்து, அவற்றை இணைக்கக் காரணம் இருந்ததா என்று கேட்பார். அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் 2007ஆம் ஆண்டு கேஎஸ்ஆர் தீர்ப்புக்குப் பின், அந்தக் காரணம் ஆவணத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டியதில்லை. பொது அறிவும் போதும். ஆனால் விளையாட்டு விதியும் எடையில் சேரும்.

ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகமோ நிறுக்கும் முன்பே புடைத்துவிடுகிறது. அதன் மேல்முறையீட்டுக் குழுவின் 2002ஆம் ஆண்டு காம்விக் முடிவின்படி, தொழில்நுட்பச் சிக்கலைத் தீர்க்க உதவாத அம்சம் கண்டுபிடிப்புத் திறனுக்கு, அதாவது எளிதில் தோன்றாத தன்மைக்கு, கணக்கில் வராது. பரிசு விதி எவ்வளவு புதுமையானாலும், அது பொறியாளரிடம் கொடுத்த நிபந்தனை மட்டுமே. மிஞ்சுவது வழக்கமான நிரலாக்கம் என்றால் விண்ணப்பம் விழுந்தது.

எனக்கு ஐரோப்பிய வழியே தெளிவாகப் படுகிறது. அமெரிக்க வழி தாராளமானது என்று நினைத்துவிட வேண்டாம்: அதே உச்ச நீதிமன்றத்தின் 2014ஆம் ஆண்டு ஆலிஸ் தீர்ப்புக்குப் பிறகு, வெறும் விளையாட்டு விதிகள் காப்புரிமைக்கே தகுதியான பொருளா என்ற வேறொரு வாசலிலேயே மறிக்கப்படுகின்றன.

1984இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற டெல்னஸ் என்ற கண்டுபிடிப்பாளரின் உத்தி, இயந்திரத்தின் சுழலும் சுருள் நிற்கக்கூடிய இடங்களைவிட அதிக எண்களை அவற்றுக்குப் பங்கிட்டுப் பெரும்பரிசின் வாய்ப்பைச் சுருக்கியது. அது விதியா, தொழில்நுட்பமா? ஐரோப்பியத் தராசில் வாதம் முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றியே நடக்கும்.