முதல்வர் வராமல் விலை சொல்லாத கடை

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் பள்ளிகளுக்குக் கணினி விற்கும் கடைகளுக்குப் பஞ்சமில்லை. விலைப்பட்டியலை மின்னஞ்சலில் அனுப்புவார்கள், பெட்டிகளை இறக்குவார்கள், கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். சாட்ஸ்வர்த்தில் இருக்கும் இந்தச் சிறிய கடை அந்த ரகமில்லை. எங்கள் தொடக்கப்பள்ளிக்குப் புதுப்பித்த மடிக்கணினிகள் வாங்க, துணை முதல்வர் என்ற முறையில் நான் போனேன். உரிமையாளருக்குத் தமிழில் "வணக்கம் டீச்சர்" மட்டும்தான் தெரியும். அதைச் சொல்லிவிட்டு, "உங்கள் முதல்வர் வரட்டும், பிறகு விலை பேசலாம்" என்று ஆங்கிலத்தில் திருப்பி அனுப்பினார். எனக்குக் கோபம்தான்.

முதல்வரும் வந்தார். கடைக்காரர் கேட்ட முதல் கேள்வி, "கணினி அறைச் சாவி யாரிடம் இருக்கும்?" அடுத்து, "கால அட்டவணையில் எந்த வகுப்புக்கு எந்த நேரம்?" முதல்வர் என்னைப் பார்த்தார், நான் சுவரைப் பார்த்தேன்.

கேள்வியில் நியாயம் இருக்கிறது. திருட்டுக்குப் பயந்து கம்பிக்கதவும் அலாரமும் போட்டு, சாவியை முதல்வரின் இழுப்பறையில் வைத்து, கடைசியில் பிள்ளைகளிடமிருந்தும் கணினியைக் காப்பாற்றிவிடும் பள்ளிகளை நான் பார்த்திருக்கிறேன். 2013-க்குள் மாணவர் அனைவரும் கணினித் திறன் பெற வேண்டும் என்று 2004-லேயே அரசின் மின்கல்வி வெள்ளை அறிக்கை இலக்கு வைத்தது. பல முதல்வர்களுக்கோ இன்றும் கணினி என்றால், எழுத்தர் மதிப்பெண் ஏற்றும் 'சா-சாம்ஸ்' மென்பொருள் மட்டும்தான்.

விலையோடு ஒரு அரைநாள் பயிற்சியும் உண்டு. ஆசிரியர்களுக்கு அல்ல, முதல்வருக்கு. பகிர்வுக் கோப்புறையை அவர் கையாலேயே திறக்கவைத்து, அடுத்த ஊழியர் கூட்டத்தின் நிகழ்ச்சிநிரலை அங்கேயே தட்டச்சு செய்யவைத்தார்கள். எழுத்தரைக் கூப்பிட அவர் கைப்பேசியை எடுத்தபோது விடவில்லை. இப்போது எங்கள் கூட்டங்களில் அச்சிட்ட தாளே கிடையாது. நான் ஆண்டுக்கணக்கில் கெஞ்சியும் அசையாத மூத்த ஆசிரியர்கள், முதல்வர் திரையைப் பார்த்துப் பேசத் தொடங்கியதும் தாமாகவே மடிக்கணினியோடு வருகிறார்கள். சாவி அலுவலகப் பலகையில் மஞ்சள் அட்டையோடு தொங்குகிறது. எடுப்பவர் பெயர் எழுதிவிட்டு எடுக்கலாம்.

குறைகளும் உண்டு. எழுத்து மூலமான விலைப்புள்ளி கைக்கு வருவதற்குள் உயிர் போய்விடும். மூன்று விலைப்புள்ளிகளை ஒப்பிட்டுப் பார்க்காமல் ஆளுகைக் குழுப் பொருளாளர் பணம் விடமாட்டார். அவரிடம் திட்டு வாங்கியது நான். வாட்ஸ்அப்பில் கேட்டால் மறுநாள்தான் பதில்.

பேட்டரி விஷயத்திலும் எச்சரிக்கை தேவை. 2023-இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது பெரிய பேட்டரி அவசியமாக இருந்திருக்கலாம். 2024 மார்ச் இறுதியில் நின்ற மின்வெட்டு பிறகு எப்போதாவதுதான் தலைகாட்டியது. இவர்கள் இன்னும் பழைய கணக்கிலேயே பெரியதைத் தள்ளிவிடப் பார்க்கிறார்கள். சிறியதே போதும், பேரம் பேசுங்கள்.

முதல்வருக்கு நேரமில்லை என்னும் பள்ளிகள் வேறு கடைக்குப் போகலாம். அங்கே பெட்டிகள் சீக்கிரம் வந்துவிடும்.