ஸ்டுடியோ படமா, வீட்டுப் படமா? பழைய காலத்தைக் கூடுதலாகச் சொல்வது எது

பழைய குடும்பப் படங்களைக் கொண்டு தாத்தா, பாட்டி காலத்து வாழ்க்கையை மனத்தில் கட்டிப்பார்க்க நினைப்பவர்களுக்குப் பெரும்பாலும் இரண்டு வகைப் படங்கள் கிடைக்கும். ஒன்று, பக்கத்து டவுனுக்குப் போய் ஸ்டுடியோவில் எடுத்தது. மற்றொன்று, சொந்தத்தில் யாரோ வைத்திருந்த சிறிய கேமராவில் வீட்டிலேயே எடுத்தது. ஸ்டுடியோ படம் வெறும் வேஷம், வீட்டுப் படம்தான் நிஜம் என்று பலரும் சட்டென்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை.

எங்கள் வீட்டில் 1940களில் எடுத்த ஸ்டுடியோ படம் ஒன்று இருக்கிறது. கொள்ளுத்தாத்தா நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். கொள்ளுப்பாட்டி அருகில் நிற்கிறார். பின்னால் தூண்களும் படிக்கட்டும் தீட்டிய திரை. அது தரையைத் தொடும் இடத்தில் துணி சுருங்கிக் கிடக்கிறது. அரண்மனைப் படிக்கட்டு அங்கே முடிந்து சிமெண்டுத் தரை தொடங்குகிறது. தாத்தாவின் கோட்டுக்கை மணிக்கட்டைத் தாண்டித் தொங்குகிறது. படம் எடுக்க வருபவர்களுக்குக் கோட்டை இரவலாகக் கொடுக்கும் ஸ்டுடியோக்கள் அப்போது உண்டு. இதுவும் அப்படி வந்ததாகத்தான் இருக்க வேண்டும். காலில் மட்டும் செருப்பில்லை. பாட்டி, அட்டிகை முழுவதும் தெரியும்படி முந்தானையைச் சரிசெய்துகொண்டிருக்கிறார்.

இத்தனையும் ஜோடனைதான். ஆனால் கோட்டு இரவல் என்றாலும் அதைப் போட்டுக்கொள்ளும் ஆசை அவருடையது. ஊரும் உறவும் தங்களை எப்படி நினைவில் வைத்திருக்க வேண்டும் என்று அவர்கள் இருவரும் விரும்பினார்களோ, அது இந்தப் படத்தில் இருக்கிறது. பட்டாவிலோ பத்திரத்திலோ அதைத் தேடிப் பிடிக்க முடியாது. ஒரே ஒரு எச்சரிக்கை: முகத்தை வைத்து வயதைக் கணிக்காதீர்கள். நெகட்டிவின் மேல் கூரான பென்சிலால் தொட்டுச் சுருக்கங்களை மறைப்பது அப்போது ஸ்டுடியோக்காரர்களின் அன்றாட வேலையாக இருந்தது.

வீட்டுப் படத்தின் பலம் அதன் ஓரங்களில் இருக்கிறது. பரோடாவில் தயாரான அக்ஃபா கிளிக் 3 போன்ற எளிய கேமராக்கள் 1960களில் நடுத்தர வீடுகளுக்கும் வந்தன. அவற்றுக்கு நல்ல வெயில் வேண்டும். அதனால் எல்லாரையும் கொல்லைக்கோ வாசலுக்கோ அழைத்து, வெயிலைப் பார்த்து நிறுத்தினார்கள். பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார்கள். எடுத்தவரின் நிழல் காலடியில் விழுந்திருக்கும். அவர் எடுக்க நினைத்தது பிள்ளைகளை. ஆனால் பிலிமில் கிணற்று ராட்டினம், பித்தளைத் தவலை, கொடியில் காயும் புடவை, கதவோரம் பாதி முகம் காட்டும் பெண் எல்லாமே பதிந்துவிட்டன. தண்ணீர் எங்கிருந்து வந்தது, வீட்டில் எத்தனை பேர் புழங்கினார்கள் என்று கேட்டால் பதில் சொல்பவை இவைதான்.

ஆனால் இதையும் முழு உண்மை என்று கொள்ள முடியாது. கிளிக் 3 கேமராவில் ஒரு சுருள் பிலிமுக்குக் கிடைத்தது பன்னிரண்டு படங்கள். அதைக் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் சேமித்து வைத்தவர்கள் அடுப்பு ஊதும் அம்மாவையா எடுத்திருப்பார்கள்? அடுக்களை இல்லாத வீடாகத்தான் பல ஆல்பங்கள் வீட்டைக் காட்டுகின்றன. கேமராவைப் பிடித்தவரோ எந்தப் படத்திலும் இருப்பதில்லை. தவிர, கேமரா வாங்க முடிந்த வீடுகளே கொஞ்சம்தான். மற்றவர்களுக்கு வாழ்நாளில் எடுத்ததே ஸ்டுடியோ படம் ஒன்றோ இரண்டோதான். அதையும் வேஷம் என்று ஒதுக்கினால் அவர்கள் முகமே நமக்கு மிஞ்சாது. புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் நிதியுதவியோடு, 1880 முதல் 1980 வரையிலான தமிழகத்து ஸ்டுடியோ படங்களைத் தேடிப் பதிவு செய்தது அதனாலேயே எனக்குப் பெரிய காரியமாகத் தெரிகிறது.

இப்போது மூன்றாவதாக ஒன்றும் போட்டிக்கு வந்திருக்கிறது: கறுப்பு வெள்ளைப் படத்துக்குச் செயலி மூலம் வண்ணம் ஏற்றுவது. பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் காலத்தை அறிய அது உதவாது. பழைய பிலிம்களில் பல, சிவப்பை உணராதவை. அரக்குச் சிவப்புப் புடவை ஏறக்குறைய கறுப்பாகவும், வெளிர் நீலம் வெள்ளையாகவும் பதியும். மாநிறமும் உள்ளதைவிடக் கறுத்துத் தெரியும். செயலிக்கு இது தெரியாது. கூறைப்புடவைக்குச் சாம்பல் நிறமோ கருநீலமோ பூசிவிடும். வீட்டுப் பெரியவர் ஒருவர், 'அது கிளிப்பச்சை, மாம்பழ மஞ்சள் கரை' என்று சொன்னால் அந்தச் சொல்தான் ஆதாரம்.

ஆகவே என் முடிவு இது. மனிதரை அறிய ஸ்டுடியோ படம், வீட்டை அறிய வீட்டுப் படம். இரண்டில் ஒன்றைத்தான் ஸ்கேன் செய்ய முடியும் என்றால் ஸ்டுடியோ படத்தையே முதலில் செய்வேன், ஏனென்றால் பலருக்கு வாழ்நாளில் எடுத்த படமே அது ஒன்றாகத்தான் இருக்கும். பெரியவர்களோடு உட்காரும்போது மட்டும் வரிசையை மாற்றுங்கள். ஸ்டுடியோ படத்தைக் காட்டினால் பெயரும் உறவுமுறையும் சொல்லி நிறுத்திவிடுவார்கள். கொல்லைப்புறப் படத்தை நீட்டினால், கதவோரம் நிற்கும் அந்தப் பெண் யார், அவள் ஏன் வெளியே வந்து நிற்கவில்லை என்பது வரை பேச்சு போகும்.