நெட் போன பிறகும் ஓடுவது எது? ஒரு லேப் பொறுப்பாசிரியரின் அனுபவம்

பள்ளியில் 'கம்ப்யூட்டர் சார்' என்றால் பாடம் நடத்துவதோடு வேலை முடியாது. எமிஸ் எனும் அரசின் கல்வித் தகவல் தளத்தில் பதிவு, பிரிண்டரில் சிக்கிய தாள், திறக்க மறுக்கும் ஸ்மார்ட் போர்டு, உயிரை விட்ட மவுஸ் எல்லாம் அவர் தலையில்தான் விடியும். அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி ஒன்றில் சில வருடங்களாக இந்த வேலையைப் பார்க்கிறேன். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற உதவிகள் ஏராளம். அவற்றில் எங்கள் லேப்பில் நிலைத்தவை நாலைந்துதான். என் அளவுகோல் மிக எளிது: ஒருமுறை இறக்கிவிட்டால், நெட் இல்லாத நாளிலும் அது ஓட வேண்டும். லேப் முழுக்க ஒரே இணைப்பைப் பங்கு போடும்போது வீடியோ நகராது, மாணவர்கள் நம் முகத்தைப் பார்ப்பார்கள்.

இந்த அளவுகோலில் முதலிடம் கிவிக்ஸுக்கு. விக்கிப்பீடியா முழுவதையும் ஒரே கோப்பாக இறக்கி, இணையம் இல்லாமலே படிக்க வைக்கும் மென்பொருள் இது. தமிழ் விக்கிப்பீடியாவும் உண்டு. படங்களோடு, படமில்லாமல், அறிமுகப் பகுதி மட்டும் எனத் தனித்தனிக் கோப்புகளாகத் தருகிறார்கள். படங்களோடு உள்ள ஆங்கிலப் பதிப்பு 100 ஜிபியைத் தாண்டும், அதன் பக்கம் போகாதீர்கள். வீட்டில் இறக்கி பென்டிரைவில் கொண்டுபோகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பென்டிரைவ் ஃபேட்32 முறையில் ஃபார்மேட் ஆகியிருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட கோப்பு அதில் ஏறாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது, எல்லா மெஷினிலும் நிறுவத் தேவையில்லை என்பதுதான். ஆசிரியர் கணினியில் மட்டும் கிவிக்ஸைத் திறந்து, மெனுவில் உள்ள 'லோக்கல் கிவிக்ஸ் சர்வர்' என்பதைத் தட்டினால் ஒரு முகவரி வரும். அதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிடுவேன். மாணவர்கள் பிரௌசரில் அதை அடித்தால் தமிழ் விக்கிப்பீடியா வந்து நிற்கும். வெளி இணைப்பு வேண்டாம், லேப்புக்குள் இருக்கும் சுவிட்சும் கேபிளும் போதும். தமிழ்க் கட்டுரைகள் எல்லாம் ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். சில அருமை, சில இரண்டு வரியோடு நிற்கும்.

அடுத்தது ஃபெட் சிமுலேஷன்கள், அதாவது அறிவியல் சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கும் மாதிரிகள். 2001இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன், மறு ஆண்டு கொலராடோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம். ஒவ்வொரு சிமுலேஷனையும் ஒற்றை எச்டிஎம்எல் கோப்பாக இறக்கலாம், பழைய மெஷினிலும் பிரௌசரில் திறந்துகொள்ளும். தமிழில் மொழிபெயர்த்தவையும் இருக்கின்றன, எல்லாம் அல்ல. மின்சுற்று அமைக்கும் சிமுலேஷனில் பேட்டரியின் இரு முனைகளையும் நேரே கம்பியால் இணைத்தால் தீ பற்றிக்கொள்வது போல் காட்டும். முதல் ஐந்து நிமிடம் வகுப்பே "சார், என் பேட்டரி எரியுது!" என்று கத்தும். கத்தட்டும் என்று விட்டுவிடுவேன். அப்புறம் அவர்களே ஒரு பல்பை நடுவில் வைத்துத் தீயை அணைக்கிறார்கள். குறுக்குச் சுற்று என்று நான் பலகையில் எழுதும்போது விளக்குவதற்கு அதிகம் மிச்சமிருப்பதில்லை.

லேப்பைக் கண்காணிக்க வேயான். முன்பு ஐடால்க் என்ற பெயரில் இருந்த திறமூல (மூல நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கும்) மென்பொருளின் மறுவடிவம். எல்லாத் திரைகளையும் ஆசிரியர் மெஷினில் சின்னச் சின்னக் கட்டங்களாகப் பார்க்கலாம், என் திரையை எல்லோருக்கும் காட்டலாம், ஒரே கிளிக்கில் எல்லாத் திரைகளையும் பூட்டலாம். ஆனால் நிறுவுவது முதல்முறை பொறுமையைச் சோதிக்கும். மெஷின்கள் ஒன்றையொன்று அடையாளம் காண இரண்டு சாவிக் கோப்புகள் உண்டு: பப்ளிக் கீ மாணவர் மெஷின்களுக்கு, பிரைவேட் கீ நம் மெஷினுக்கு மட்டும். இதை மாற்றி வைத்தால் வேலைக்கு ஆகாது. ஒரு மெஷின் மட்டும் கட்டத்தில் தெரியவில்லையா? அது ஆனாகி இருந்தால் அதன் ஃபயர்வாலில் (வெளியிலிருந்து வரும் இணைப்புகளைத் தடுக்கும் காவல்) வேயான் பயன்படுத்தும் 11100 போர்ட் என்ற வழி திறந்திருக்கிறதா என்று பாருங்கள். கையேடு ஆங்கிலத்தில் நன்றாக எழுதப்பட்டிருக்கிறது. தமிழில் இந்த மாதிரிச் சமாச்சாரங்களுக்கு, அதாவது ஐபி முகவரி, ஃபயர்வால், பிரிண்டர் ஷேரிங் போன்றவற்றுக்கு, வரிசையாக எழுதிய கையேடு எதுவும் என் கண்ணில் படவில்லை. பொறுப்பாசிரியருக்கு அதிகம் தேவைப்படுவது அதுதான்.

மென்பொருள் கற்கும் விஷயத்தில் அந்தக் குறை ஓரளவு தீர்கிறது. ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியலில் லினக்ஸ் (விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளம்), லிப்ரெ ஆஃபிஸ் (ஆவணம் தயாரிக்கும் இலவச மென்பொருள்), பைத்தான் (நிரல்மொழி) என்று பல தொடர்கள் தமிழ்க் குரலில் இருக்கின்றன. ஒவ்வொன்றும் பத்து நிமிடம் அளவில்தான். திரையின் ஒரு பாதியில் வீடியோ, மறு பாதியில் மென்பொருள், பார்க்கப் பார்க்கச் செய்ய வேண்டும் என்பது அவர்கள் முறை. கணினி பிடிக்காத தமிழாசிரியர் ஒருவரைக்கூட இதன் முன் உட்காரவைத்துப் பார்த்தேன், வினாத்தாளை அவரே தட்டச்சு செய்யும் அளவுக்கு வந்துவிட்டார். சில தொடர்கள் பழசு என்பதையும் சொல்லிவிட வேண்டும். லிப்ரெ ஆஃபிஸின் ஒரு தொடர் 3.3.4 பதிப்பில் பதிவானது. பட்டன்கள் இடம் மாறியிருக்கும், அடிப்படை மாறவில்லை.

காசு கொடுத்து வாங்கியதும் ஒன்று உண்டு. ஒரு நிறுவனத்தின் ஸ்மார்ட் கிளாஸ் தொகுப்பு. அனிமேஷன் அழகு. சந்தா முடிந்த மறுநாள் பழைய பாடங்கள்கூடத் திறக்கவில்லை. அதற்கப்புறம் யார் டெமோ காட்ட வந்தாலும் நெட் கேபிளைக் கழற்றிவிட்டுத்தான் காட்டச் சொல்கிறேன்.

விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு வழக்கமான ஆதரவு முடிந்துவிட்டது. எங்கள் மெஷின்களில் பாதி விண்டோஸ் 11 ஏற்காத ரகம். அவற்றில் லினக்ஸ் போட்டு வருகிறோம். இந்த வேலையில் எதிர்பாராத உதவி கேரளத்திலிருந்து வந்தது. அங்கே அரசுப் பள்ளிகளின் கணினிக் கல்வி கைட் என்ற அரசு நிறுவனத்தின் கீழ் பெரும்பாலும் கட்டற்ற மென்பொருளில்தான் நடக்கிறது. மூணாறு பக்கம் தமிழ்வழிப் பள்ளிகள் இருப்பதால் ஐசிடி (தகவல் தொழில்நுட்ப) பாடநூல்கள் தமிழிலும் அச்சாகின்றன, பிடிஎஃப்பாக இறக்கிக்கொள்ளலாம். படம் திருத்தும் ஜிம்ப், படம் வரையும் இங்க்ஸ்கேப் எல்லாம் படத்தோடு படிப்படியாக இருக்கிறது. நடை கொஞ்சம் மலையாள வாசனை அடிக்கும். பரவாயில்லை, எங்கள் எட்டாம் வகுப்புக்கு அதிலிருந்துதான் பயிற்சித்தாள் தயாரிக்கிறேன்.