சைனிக் பள்ளி நுழைவுத் தேர்வு ஆங்கிலம்: கைடா, ஆப்பா, டியூஷனா, வீட்டு வாசிப்பா?

பெரியவன் எட்டாம் வகுப்பில் இருந்தபோது, ராணுவ அதிகாரிகளாக வரப் பிள்ளைகளைத் தயார்செய்யும் உறைவிடப் பள்ளியான அமராவதிநகர் சைனிக் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் சேர்வதற்கான அகில இந்திய நுழைவுத் தேர்வை எழுதினான். தேர்வு 2024 ஜனவரி 28 அன்று நடந்தது. அதற்கு முந்தைய பத்து மாதங்களில் ஆங்கிலத்துக்கு மட்டும் நான்கு வழிகளை முயன்று பார்த்தோம்: கைடு, கைபேசி ஆப், வார இறுதி டியூஷன், கடைசியாக வீட்டிலேயே வாசிப்பும் தவறு நோட்டும். இப்போது இளையவன் ஏழாம் வகுப்பு. அவனுக்கு எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று உட்கார்ந்து யோசித்தபோது எழுதியது இது. நான் வீட்டு வாசிப்பின் பக்கம் சாய்ந்தவள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தேர்வின் அமைப்பு பலருக்கும் தெரிந்ததுதான், சுருக்கமாகச் சொல்கிறேன். மொத்தம் 150 கேள்வி, 400 மதிப்பெண், 180 நிமிடம். இதில் கணக்குக்கு மட்டும் 200 மதிப்பெண். ஆங்கிலம், நுண்ணறிவு, அறிவியல், சமூக அறிவியல் நான்குக்கும் தலா 25 கேள்வி, தலா 50 மதிப்பெண். எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஆறாம் வகுப்புக்கான தேர்வைத் தமிழிலும் எழுதலாம். ஒன்பதாம் வகுப்புக்கு ஆங்கிலத்தில் மட்டும்தான்.

இந்தக் கடைசி வரியை நாங்கள் ஆரம்பத்தில் சரியாக உள்வாங்கவில்லை. 400-ல் 50 தானே என்று ஆங்கிலத்தை ஓரமாக வைத்திருந்தோம். முதல் மாதிரித் தேர்வில்தான் புரிந்தது. சமூக அறிவியல் கேள்வி ஒன்றுக்கு விடை தெரிந்திருந்தும், கேள்வியில் இருந்த 'எக்ஸெப்ட்' (தவிர) என்ற சொல்லைத் தாண்டிப் போய்த் தப்பாகக் குறித்திருந்தான். ஒரு கேள்விக்குச் சராசரியாக 72 விநாடிதான் கிடைக்கும். அதற்குள் படித்துப் புரிந்துகொள்ளும் வேகம் எல்லாப் பாடத்துக்கும் வேண்டும். ஆகவே இலக்கணம், சொல்வளம் ஆகியவற்றோடு வாசிப்பும் வலுப்பட்டே ஆக வேண்டும். நான்கு வழிகளையும் நான் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன்.

கைடைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரூ.400-க்குள் கிடைத்தது. வாக்கியத்தில் பிழை காணுதல், செய்வினை செயப்பாட்டுவினை, நேர்க்கூற்று அயற்கூற்று, முன்னிடைச்சொல், மரபுத்தொடர், ஒரு சொல் விடை (ஒரு தொடரின் பொருளை ஒரே சொல்லில் சொல்வது) என்று தலைப்பு வாரியாகக் கேள்விகள் இருக்கும். தேர்வில் எந்த மாதிரிக் கேள்வி வரும் என்று தெரிந்துகொள்ள இதைவிட மலிவான வழி கிடையாது. ஆனால் பின்பக்கத்தில் விடை மட்டும்தான் இருக்கும்: 14-க்கு 'பி', 15-க்கு 'டி'. ஏன் 'பி' என்று இருக்காது. இருக்கிற இடத்திலும் விளக்கம் ஆங்கிலத்தில் ஒரு வரிதான். நாங்கள் வாங்கிய பதிப்பில் சில விடைகளே தப்பாக இருந்தன. அது தெரியாமல் பையன் இரண்டு நாள் தன் சரியான விடையைத் தப்பென்று நம்பிக் குழம்பினான்.

ஆப்பை ஆறு வாரம்தான் பயன்படுத்தினோம், அதுவும் இலவசமாகக் கிடைத்த அளவுக்கு. பணம் கட்டினால் கிடைக்கும் வசதிகளைப் பற்றி நான் பேசுவது நியாயமில்லை. உச்சரிப்பைக் கேட்டுப் பழக அது நன்றாக உதவியது. பேருந்துக்குக் காத்திருக்கும் பத்து நிமிடத்தில் இருபது சொற்களைப் பார்த்துவிடலாம். ஆனால் தப்பாகத் தொட்டால் சிவப்பு வரும், அடுத்த நொடி அடுத்த கேள்வி வந்துவிடும். தவறின் மேல் நிற்க அது விடுவதில்லை. அப்புறம், கைபேசி கையில் இருந்தால் ஆப் மட்டுமா திறக்கும்? பதின்மூன்று வயதுப் பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆறாவது வாரம் நானே எடுத்துவிட்டேன்.

டியூஷன் சனி, ஞாயிறு இரண்டு நாள், மாதம் ரூ.2,500. சொல்லிக்கொடுத்த ஆசிரியை நல்லவர், திறமையானவர். ஆனால் கணக்குக்கு 200 மதிப்பெண் இருக்கும்போது எந்தப் பயிற்சி மையமும் கணக்கைத்தான் முன்னால் வைக்கும். ஆங்கிலத்துக்கு வாரம் ஒரு மணி நேரம்தான் கிடைத்தது. அந்த ஒரு மணி நேரத்தில் முப்பதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். ஒவ்வொருவரும் எங்கே தவறுகிறார்கள் என்று பார்க்க அவருக்கு ஏது நேரம்? கணக்குக்கும் நுண்ணறிவுக்கும் அந்தப் பணம் வீண்போகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இந்த மூன்றிலும் கேள்விக்குப் பஞ்சமில்லை. பயிற்சிக் கேள்வி எங்கேயும் கிடைக்கிறது. கிடைக்காதது, பிள்ளை செய்த தவறு ஏன் தவறு என்று அவனுக்குப் புரிகிற மொழியில் சொல்லி, அதே தவறு இரண்டு வாரம் கழித்துத் திரும்ப வருகிறதா என்று பார்க்கிற ஆள். எந்த வழியை எடுத்தாலும் இந்தப் பராமரிப்பு இல்லையென்றால், நவம்பரில் செய்கிற தவறு ஏப்ரலில் செய்த அதே தவறாகத்தான் இருக்கும். எங்கள் வீட்டில் அப்படித்தான் இருந்தது. கைடில் 600 கேள்வி முடித்த பிறகும் 'டிஸ்கஸ்' பக்கத்தில் 'அபௌட்' போட்டுக்கொண்டே இருந்தான்.

ஆகஸ்ட் மாதத்தில்தான் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினோம். ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று கட்டம். முதல் கட்டத்தில் அவன் எழுதிய தப்பான வாக்கியம், இரண்டாவதில் சரியானது, மூன்றாவதில் காரணம். காரணத்தைத் தமிழில்தான் எழுத வேண்டும் என்று வைத்தேன். நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழியில் படித்தவள். எனக்கு ஆங்கிலம் ஓரளவுதான் வரும். எனக்குப் புரிகிற மாதிரி அவன் காரணம் எழுத வேண்டியிருந்தது, அதுவே அவனுக்குப் பயிற்சியாகிவிட்டது. காரணம் தெரியாதபோது பள்ளி ஆங்கில ஆசிரியரிடம் கேட்டு வருவான். வாரத்துக்கு இரண்டு மூன்று சந்தேகம் என்றால் எந்த ஆசிரியரும் சலித்துக்கொள்ள மாட்டார்.

ஒரு மாதம் நோட்டு எழுதியதும் ஒன்று கண்ணில் பட்டது. அவன் தவறுகளில் பாதிக்கு மேல் தமிழில் யோசிப்பதால் வந்தவை. 'பற்றி விவாதித்தோம்' என்பதால்தான் 'டிஸ்கஸ் அபௌட்', ஆங்கிலத்தில் 'டிஸ்கஸ்' மட்டும் போதும். 'என்னைவிட மூத்தவன்' என்பதால் 'சீனியர் தேன் மீ', வர வேண்டியது 'சீனியர் டு மீ'. 'மூன்று வருடமாக இங்கே இருக்கிறேன்' என்று நாம் நிகழ்காலத்தில் சொல்கிறோம், அதனால் 'ஐ ஆம் ஹியர்' என்று தொடங்கிவிடுகிறான். ஆங்கிலத்தில் 'ஐ ஹாவ் பீன் ஹியர் ஃபார் த்ரீ இயர்ஸ்'. அயற்கூற்றும் இப்படித்தான். 'நாளைக்கு வருவேன் என்று சொன்னான்' என்றால் தமிழில் 'என்று' போட்டதும் வேலை முடிந்தது, உள்ளே இருக்கும் பேச்சு அப்படியே நிற்கும். ஆங்கிலத்தில் 'ஐ' 'ஹி' ஆக வேண்டும், 'வில்' 'வுட்' ஆக வேண்டும், 'டுமாரோ' 'தி நெக்ஸ்ட் டே' ஆக வேண்டும். இந்த வித்தியாசத்தை ஒரு முறை தமிழ் வாக்கியத்தோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தபின், அந்தப் பகுதியில் அவன் தவறு பெரிய அளவில் குறைந்தது. நாடு முழுவதற்கும் சேர்த்து அச்சடித்த கைடில் இதை எதிர்பார்க்கவும் முடியாது.

தமிழ் கைகொடுத்த இடங்களும் உண்டு. 'ஒன் ஆஃப் மை ஃப்ரெண்ட்ஸ்' வந்தால் வினைச்சொல் ஒருமையா பன்மையா என்று தடுமாறுவான். 'என் நண்பர்களில் ஒருவன்' என்று சொல்லிப் பார்க்கச் சொன்னேன். நண்பர்கள் பன்மை, ஒருவன் வந்தான், ஒருவன் வந்தார்கள் என்று யாரும் சொல்வதில்லை. அன்றோடு அந்தக் குழப்பம் தீர்ந்தது. 'எ', 'ஆன்' விஷயத்தில் அவனே கண்டுபிடித்தான்: "அம்மா, இது நம்ம ஒரு, ஓர் மாதிரிதானே?" ஒரு மரம், ஓர் இலை. உயிரொலி வந்தால் 'ஓர்' ஆகிற மாதிரி 'ஆன்' ஆகிறது. ஒரே வேறுபாடு, ஆங்கிலத்தில் எழுத்தைப் பார்க்கக் கூடாது, காதால் கேட்க வேண்டும். 'ஹவர்' என்று எழுதினாலும் ஒலி 'அவர்', ஆகவே 'ஆன்'. 'யூனிஃபார்ம்' உயிரெழுத்தில் தொடங்கினாலும் ஒலி 'யூ', ஆகவே 'எ'. தமிழ் வகுப்பில் படித்த ஒன்று ஆங்கிலத்துக்கு உதவியதில் அவனுக்கு இருந்த சந்தோஷத்தை நான் மறக்கவே மாட்டேன்.

வாசிப்பு இதோடு சேர்ந்தே நடந்தது. தினமும் ஒரு பக்கம், சத்தமாக. என்.சி.இ.ஆர்.டி. பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எட்டாம் வகுப்பு ஆங்கிலத்தை மட்டும் எடுக்காமல், அறிவியல், வரலாறு நூல்களிலிருந்தும் ஒரு பக்கம் எடுத்தோம். ஒரே நேரத்தில் இரண்டு பாடம் ஆயிற்று. கிளை நூலகத்தில் ஆங்கில நாளிதழும் பார்த்தான், ஆனால் தலையங்கம் அந்த வயதுக்குக் கனமாகத்தான் இருந்தது. விளையாட்டுப் பக்கத்தையும் அறிவியல் செய்தியையும் விரும்பிப் படித்தான். ஒரு பக்கத்தில் தெரியாத சொல் ஐந்துக்கு மேல் எழுதக் கூடாது என்று ஒரு கட்டுப்பாடு வைத்தோம். ஐந்தையும் அது வந்த வாக்கியத்தோடு எழுத வேண்டும். அகர வரிசைப் பட்டியலில் மனப்பாடம் செய்த சொல் ஒரு வாரத்தில் போய்விடும். வாக்கியத்தோடு வந்த சொல் நின்றது.

இதற்கு ஆகும் செலவு பணமில்லை, நேரம். இரவு சாப்பாட்டுக்குப் பின் இருபத்தைந்து நிமிடம்: பத்து நிமிடம் வாசிப்பு, பத்துக் கேள்வி, நோட்டில் தவறுகள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அரை மணி, பழைய பக்கங்களை மூடி வைத்துவிட்டு முதல் கட்டத்தை நான் வாசிப்பேன், அவன் திருத்திச் சொல்வான், காரணமும் சொல்வான். இரண்டு முறை சரியாகச் சொன்னதைக் கோடு போட்டு அடித்துவிடுவோம். இந்த ஞாயிறு அரை மணிதான் எல்லாவற்றுக்கும் உயிர். தீபாவளி வாரமும், மாமியார் மருத்துவமனையில் இருந்த இரண்டு வாரமும் விட்டுப்போயின. திரும்பி வந்து பார்த்தால் அடித்த தவறுகளில் நாலைந்து மறுபடி முளைத்திருந்தன. தேர்வுத் தேதியும் ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் வருவதில்லை. 2024-ல் ஜனவரி 28, 2025-ல் ஏப்ரல் 5. கடைசி மூன்று மாதத்தில் மூச்சுப்பிடித்து ஓடுகிற திட்டம் தேதி தள்ளினால் தளர்ந்துவிடும். தினம் இருபத்தைந்து நிமிடம் என்றால் தள்ளினாலும் பாதகமில்லை.

வீட்டில் அந்த நேரத்துக்கு உட்கார யாருமே இல்லையென்றால் இந்த வழியை நான் சொல்ல மாட்டேன். இரவு ஷிப்ட் பார்க்கிற பெற்றோருக்கு, பத்துப் பிள்ளைகளுக்கு மேல் இல்லாத டியூஷனே நல்லது. சேர்ப்பதற்கு முன் ஆங்கிலத்துக்கு வாரம் எத்தனை மணி நேரம் என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டு வாசிப்பு தோற்ற இடமும் உண்டு. மரபுத்தொடர்கள், ஒரு சொல் விடை இரண்டும் வாசிப்பில் தானாக வந்து சேர்வதில்லை, சில மாத வாசிப்பில் தேர்வுக்குத் தேவையானதில் கொஞ்சம்தான் கண்ணில் படும். அங்கே கைடின் பட்டியல்தான் கைகொடுத்தது. வேகப் பயிற்சிக்கும் பழைய வினாத்தாளை மணி வைத்து எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை. டேராடூன் ராஷ்டிரிய இந்திய ராணுவக் கல்லூரி (இதுவும் பள்ளிப் பிள்ளைகளுக்கானதுதான்) நுழைவுத் தேர்வு எழுதுகிறவர்களுக்கு இது எந்த அளவு பொருந்தும் என்று என் அனுபவத்தை வைத்துச் சொல்ல முடியாது. அங்கே ஆங்கிலம் 125 மதிப்பெண், கட்டுரை, கடிதம் எல்லாம் கையால் எழுத வேண்டும். எழுதியதைத் திருத்த ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த ஒருவர் வேண்டும், என்னால் அது முடிந்திருக்காது. ஒரு பிள்ளையை வைத்துத்தான் இவ்வளவும் சொல்கிறேன் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

முதல் மாதிரித் தேர்வில் ஆங்கிலத்தில் 24 வாங்கியவன், உண்மையான தேர்வில் 42 வாங்கினான். கணக்கில் எதிர்பார்த்தது வரவில்லை, இடம் கிடைக்கவில்லை. ஒரு வாரம் வீடே அமைதியாக இருந்தது. பிறகு உள்ளூர்ப் பள்ளியிலேயே ஒன்பதாம் வகுப்பில் சேர்ந்தான். இன்றும் ஆங்கிலத்துக்குத் தனி டியூஷன் கேட்பதில்லை, நோட்டை மட்டும் வைத்திருக்கிறான்.

இளையவனுக்குக் கணக்குக்கு டியூஷன் உண்டு. ஆங்கிலத்துக்கு ஒரு கைடு, அதுவும் மரபுத்தொடருக்கும் கேள்வி மாதிரிக்கும் மட்டும். ஆப் வேண்டாம். நோட்டை ஆகஸ்ட் வரை தள்ளாமல் இப்போதே தொடங்கிவிட்டோம். ஞாயிறு அரை மணிக்கு அண்ணன்தான் உட்காருகிறான், என்னைவிட அவனுக்குக் காரணங்கள் நன்றாகத் தெரியும். பழைய வினாத்தாள்களில் கடைசி இரண்டை மட்டும் யார் கண்ணிலும் படாமல் பீரோவில் வைத்திருக்கிறேன். அவை அடுத்த வருடம் டிசம்பரில் மணி வைத்து எழுதுவதற்கு.