பழைய ஆங்கில இலக்கியம் படிக்க எந்த அகராதி? ஜான்சன், ஆக்ஸ்ஃபோர்டு, வெப்ஸ்டர்: ஓர் ஒப்பீடு

ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் (1813) எலிசபெத் தன் அக்காவிடம் இருக்கும் 'கேண்டர்' (candour) என்ற குணத்தை மெச்சுகிறாள். இன்றைய அகராதி அதற்கு 'ஒளிவுமறைவின்றிப் பேசுவது' என்றுதான் பொருள் தரும். ஆனால் அக்கா ஜேன் யாரைப் பற்றியும் குறையே சொல்லாதவள். எலிசபெத் மெச்சுவதும் அதைத்தான். சாமுவேல் ஜான்சன் 1755இல் வெளியிட்ட அகராதியில் இதே சொல்லைத் தேடினால் இனிய சுபாவம், தூய மனம், கனிவு என்ற பொருள்கள் கிடைக்கின்றன. அந்த இடம் உடனே தெளிவாகிவிடுகிறது.

அதே நாவலில் பாதிரியார் காலின்ஸ், லேடி கேதரினின் 'காண்டிசென்ஷன்' (condescension) பற்றி உருகி உருகிப் பேசுவார். இன்றைய பொருளில் படித்தால், அந்த அம்மாள் தன்னை மட்டமாக நடத்துகிறார் என்று அவர் குறைப்படுவதுபோல் ஆகிவிடும். உயர்ந்த இடத்தில் இருப்பவர் தானே இறங்கிவந்து எளியவர்களோடு சமமாகப் பழகுவது என்கிறார் ஜான்சன். காலின்ஸ் மனதார வாயாரப் புகழ்கிறார் என்று புரிந்தால்தான் அந்தக் காட்சியின் நகைச்சுவை பிடிபடும்.

ஆஸ்டினுக்கும் இந்த அகராதிக்கும் நேரடித் தொடர்பே உண்டு. 'நார்த்தேங்கர் ஆபி'யில் ஹென்றி டில்னி 'நைஸ்' என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வாதாடும்போது, ஜான்சனைக் காட்டியே நம்மை ஒருவழி பண்ணிவிடுவான் என்று அவன் தங்கை எச்சரிக்கிறாள். அதனால் 18ஆம் நூற்றாண்டு எழுத்துக்கும் ஆஸ்டினுக்கும் என் முதல் தேர்வு ஜான்சன்தான். ஏறத்தாழ 42,000 சொற்கள், ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள். குறையும் இருக்கிறது: மேற்கோள்களுக்கு ஆண்டு இருக்காது, பல இடங்களில் அவற்றை அவர் வெட்டிச் சுருக்கியும் இருக்கிறார். 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாசரைப் படிப்பவர்களுக்கு இது போதாது.

அங்கேதான் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி வருகிறது. 1884இல் முதல் பகுதி வெளிவந்து, 1928இல்தான் முழுமை பெற்றது. ஒரு சொல்லின் பொருள்களைக் கால வரிசையில் அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஆண்டோடு மேற்கோள் தருகிறது. ஷேக்ஸ்பியரின் 'தி டெம்பெஸ்ட்' நாடகத்தில் ஏவல் செய்யும் ஆவி ஏரியல் 'பிரசன்ட்லி?' என்று கேட்க, ஆமாம், கண் இமைக்கும் நேரத்தில் என்கிறார் அதன் எஜமான் பிராஸ்பெரோ. 'சற்று நேரத்தில்' என்று நாம் நினைக்கும் சொல் ஷேக்ஸ்பியர் காலத்தில் 'இப்பொழுதே' என்றும் பொருள்பட்டது. எந்தப் பொருள் எப்போது வழக்கில் இருந்தது என்பதை ஆண்டுவாரியாகக் காட்ட இதற்கு ஈடு கிடையாது. ஆனால் ஒரு சாதாரண வினைச்சொல்லுக்கே பத்திகள் பல பக்கம் நீளும், படிப்பின் ஓட்டம் அறுந்துபோகும். இணையப் பதிப்புக்குச் சந்தாவும் வேண்டும். ஷேக்ஸ்பியர் மட்டும்தான் படிக்கிறீர்கள் என்றால், 1870களில் அலெக்சாண்டர் ஷ்மிட் தொகுத்த ஷேக்ஸ்பியர் சொற்களஞ்சியத்தை முதலில் பாருங்கள். நாடகம், அங்கம், காட்சி, வரி எண்ணோடு பொருள் கிடைக்கும். அதிலும் சந்தேகம் தீராவிட்டால் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போகலாம்.

சரி, நோவா வெப்ஸ்டர்? 1828இல் வந்த அவருடைய அகராதியில் சுமார் 70,000 சொற்கள். சொற்பிறப்புக் குறிப்புகளை நம்ப வேண்டாம். 19ஆம் நூற்றாண்டு அமெரிக்க எழுத்துக்கு மட்டும் இதை எடுங்கள். குறிப்பாக எமிலி டிக்கின்சன் கவிதைகளுக்கு, ஏனென்றால் அவர் வீட்டில் இருந்ததே வெப்ஸ்டரின் 1844 அச்சுதான்.

ஜான்சன், 1828 வெப்ஸ்டர், ஷ்மிட் எல்லாமே இணையத்தில் இலவசம். ஜான்சனில் 1755 முதல் பதிப்போடு, அவரே திருத்திய 1773ஆம் ஆண்டின் நான்காம் பதிப்பையும் பாருங்கள். சில சொற்களுக்கு விளக்கம் மாறியிருக்கும்.